அரைக் கிலோ படிக்கல்

கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரப்போகிறது. அதனால் காதை இங்கே வைத்துக் கேளுங்கள்.

கரிசல் காட்டுப் பக்கம் வேப்பங்குளம் என்று ஓர் ஊர். அங்கே பாலர் பள்ளி ஆயா குருவம்மாள். பதினெட்டு வருசமாக ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி, அவள் கையே தராசாகிவிட்டது. மாதம் ஒரு நாள் உத்தரத்தில் தராசைக் கட்டித் தூளியை மாட்டுவார்கள். பிள்ளையை அதில் உட்கார வைத்தால் முள் எடை காட்டும். தவமணி டீச்சர் அட்டையில் புள்ளி வைப்பாள். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. சிவப்புப் பிள்ளைக்குச் சத்துமாவு இன்னொரு பங்கு உண்டு. தூளியில் உட்காருவது பிள்ளை. ஊர் எடை போடுவதோ தாயை.

அந்த மாதம் கூடுதல் பங்கு ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது.

முதலில் கனியம்மாள் வந்தாள், இடுப்பில் ஒன்றரை வயது மகள். போன மாதம் மஞ்சளில் இருந்த பிள்ளை. முள் சிவப்பில் போய் நின்றது. தூளியிலிருந்து எடுக்கும்போது பிள்ளை அவள் முந்தானை நுனியை வாயில் வைத்துச் சப்பியது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"காலையில என்னத்தா குடுத்த?"

"கஞ்சிதான் ஆயா." கனி தரையைப் பார்த்தாள்.

நேற்று இரவிலிருந்தே ஒன்றும் கொடுக்கவில்லை என்பது குருவம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஏன் என்பதும் விளங்கியது. கனி வீட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவன், கால் வராதவன். வயது தாண்டியதால் பாலர் பள்ளியில் அவனுக்குப் பங்கில்லை. நடக்க முடியாததால் பள்ளிக்கூடத்துச் சத்துணவும் இல்லை. அந்த இன்னொரு பங்கு மாவு அவனுக்காக.

அடுத்து பேச்சித்தாய், ஒரு வயது மகனோடு. பின்னாலேயே மாமியார் சுப்புத்தாய். போன மாதம் எடை ஏறவில்லை என்றதும் சுப்புத்தாய் தெருவில் நின்று கத்தியது ஊருக்கே கேட்டது: "உன் பாலுல சத்தில்லடி. இந்தத் தடவையும் ஏறலைன்னா பேரனை வச்சுக்கிட்டு உன்னை ஆத்தா வீட்டுக்குப் பத்திவிட்டுருவேன்."

குருவம்மாள் பிள்ளையை வாங்கினாள். கைகால் குச்சி மாதிரி இருந்தது. தூளியில் வைத்தாளோ இல்லையோ, முள் விறுவிறுவென்று மஞ்சளுக்கு ஏறியது.

"அரைக் கிலோ கூடியிருக்கே!" டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்க வம்சத்து ரத்தம்லா!" என்றாள் சுப்புத்தாய்.

பேச்சித்தாயின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. பிள்ளையை இறக்கும்போது அரைத்துணி முடிச்சு குருவம்மாளின் கையில் இடித்தது. உள்ளே இரும்பு. இவர்கள் வீட்டுப் பெட்டிக்கடையில் எடை போடும் அரைக் கிலோ படிக்கல். குருவம்மாள் முடிச்சை நெகிழ்த்தி, கல்லைச் சத்தமில்லாமல் தன் மடியில் கட்டிக்கொண்டாள். பேச்சித்தாய் பார்த்துவிட்டாள்.

இப்போது என்ன செய்வது? கல்லை வெளியே எடுத்தால் பேச்சி வீட்டை விட்டுப் போவாள், பால் குடிக்கும் பிள்ளை தாயில்லாமல் கிடக்கும். வாயை மூடிக்கொண்டால் மாவு கனிக்குப் போகும். நிஜமாகவே தேய்ந்துகொண்டிருக்கிற பிள்ளை வெறும் பாராட்டோடு வீட்டுக்குப் போகும்.

குருவம்மாள் யாரும் பார்க்காதபடி வெறுந்தூளியில் முழங்கையை லேசாக ஊன்றினாள். முள் ஆடியது.

"டீச்சர், இங்க பாருங்க. ஆளில்லாத தூளிக்கே முள் ஆடுது. தராசு கெட்டுப்போச்சு."

டீச்சர் இரண்டு புள்ளிகளையும் அடித்துவிட்டாள். "அப்ப இந்தப் பங்கை யாருக்குக் குடுக்க?"

"பேச்சி மகனுக்குக் குடுங்க. தூக்கின என் கைக்குத் தெரியும். பாலுக்குக் குறையில்ல. ஆம்பளப் பிள்ளை, பசி பெரிசு, பால் மட்டும் காணாது."

"தராசைவிட உன் கை பெரிசோ?" என்று கேட்டாள் சுப்புத்தாய். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்து போனாள்.

"உங்க மகனையும் இந்தக் கைதான் மதினி தூக்கிச்சு."

மாவைப் பேச்சித்தாயின் தூக்குவாளியில் கொட்டும்போது அடியில் கல்லையும் போட்டாள். "கடையில வச்சிரு தாயி. அதுக்கு அங்கதான் வேலை." கனியம்மாள் வழக்கமான ஒரு பங்கோடு தெருவில் இறங்கினாள்.

ஆக, ஒருத்தி எடையைக் குறைத்தாள். ஒருத்தி கூட்டினாள். ஒருத்தி நல்ல தராசையே பொய்யாக்கினாள். இதில் யார் செய்தது சரி?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எந்தப் பொய்க்கு யார் வயிறு காய்ந்தது என்று பாருங்கள். கனி, மகனுக்காக மகளின் வயிற்றைக் காயப்போட்டாள். பேச்சி, தான் அந்த வீட்டில் இருப்பதற்காகப் பிள்ளையின் பங்கையே விடப் பார்த்தாள். குருவம்மாளின் பொய்க்குக் கெட்ட பெயர் எடுத்தது இரும்புத் தராசு, அதற்கு வயிறில்லை. அதனால் அவள் செய்ததுதான் சரி என்று நான் சொல்வேன். ஆனால் அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் தன் சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கனி வீட்டுக்குப் போனாள். கால் வராத பையன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு எதுக்கு ஆயா இது?" என்று கனி அழுதாள். "தராசு மேல பொய் சொன்னது நானு. அந்தப் பொய்யில இவன் வயிறு காயுதே, தராசுக்கு வயிறில்லன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றாள் குருவம்மாள். மறுநாளும் அதே நேரத்துக்குப் போனாள்.