ஆடாத தராசு

பொதிகை அடிவாரத்தில் ஒரு மருந்துச்சாலை இருந்தது. அதை நடத்தியவர் ஆவுடைநாயகி. அவரிடம் வைத்தியம் கற்க வந்தவர் நெல்லையப்பன். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் "அம்மா" என்றுதான் அழைப்பார்.

அங்கே வச்சநாபி என்ற நச்சுக்கிழங்கைச் சுத்தி செய்து மருந்தாக்குவார்கள். உரிய அளவில் அது வலியை நிறுத்தும். கொஞ்சம் கூடினால் இதயத்தை நிறுத்தும்.

போன மாதம் நெல்லையப்பன் கைத்தராசில் எடை போட்டுக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு கொத்தனார், உதடு மரத்துப்போய்ச் சாய்ந்தார். பொழுது சாயும்வரை ஆவுடைநாயகி அவர் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். நெல்லையப்பனுக்கு மட்டும் அன்றிலிருந்து கரண்டியைத் தொடவே பயமாக இருந்தது.

"நல்ல தராசா வாங்கிடலாம்" என்றார் ஆவுடைநாயகி.

திருநெல்வேலிக் கடைக்காரர் இரண்டு மின்தராசுகளைப் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் கண்ணாடிக் கூண்டு. இரண்டும் தூசியைக்கூட எடை போடும் என்றார்.

மறுநாள் நெல்லையப்பன் இரண்டிலும் எடை போட்டுப் பார்த்தார். முதல் தராசின் கடைசி இலக்கம் நிற்கவே இல்லை. கதவு அசைந்தால் ஆடியது. மூச்சு விட்டால் ஆடியது. அதைத் தள்ளி வைத்தார். இரண்டாவது தராசு சட்டென்று ஓர் எண்ணில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இதையே எடுத்துக்கலாம் அம்மா."

"ஏன்?"

"இது பதறல."

"சரி. பூவம்மா காத்திருக்கா. அவ மருந்தை இதுலயே போடுங்க."

வெளியே பெஞ்சில், முகவலிக்காரி பூவம்மாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று பட்டாலே துடிக்கும் வலி.

நெல்லையப்பன் தட்டில் காகிதத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினார். கரண்டியைக் காகிதத்துக்கு மேலே பிடித்து, பயந்து பயந்து விரலால் தட்டினார். துளிப்பொடி விழுந்தது. பூஜ்யம்.

காத்திருந்தார். இன்னொரு துளி. பூஜ்யம்.

இன்னும் ஒரு துளி. இன்னும் ஒன்று. பூஜ்யம் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தித் தட்டினார். எண் எழுந்தது. அங்கிருந்து மெல்ல ஏற்றி, உரிய அளவில் நிறுத்தினார். அப்பாடா என்றிருந்தது.

பொட்டலத்தை மடித்துக்கொண்டு கதவருகே போனார்.

"இங்க குடுங்க" என்றார் ஆவுடைநாயகி. பொட்டலத்தை வாங்கிய அவர் கை சில்லிட்டிருந்தது.

அதே காகிதக் கட்டிலிருந்து வெறுங்காகிதம் ஒன்றை ஆடுகிற தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினார். அதை எடுத்துவிட்டுப் பொட்டலத்தை வைத்தார். கடைசி இலக்கம் ஆடியது. மற்றவை ஆடவில்லை. உரிய அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"அது தப்பாக் காட்டுது அம்மா."

"அப்ப உங்க தராசுலயே வைங்க."

வெறுங்காகிதத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, எடுத்துவிட்டு, பொட்டலத்தை வைத்தார் நெல்லையப்பன். அதுவும் இரண்டு மடங்கு என்றது.

வெளியே பூவம்மாள் இருமுவது கேட்டது.

"நேத்து நானும் துளித்துளியாப் போட்டுப் பார்த்தேன்" என்றார் ஆவுடைநாயகி. "பூஜ்யத்துல இருந்து கொஞ்சமா விலகினா, இது அதைத் தன்னோட ஆட்டம்னு எடுத்துக்கும். விழுந்த பொடியைக் கணக்குல சேர்க்காம மறுபடியும் பூஜ்யம்னு சொல்லிடும். அப்படி அமைச்சிருக்காங்க."

"அந்த அமைப்பை அணைச்சிடலாமே?"

ஆவுடைநாயகி பொத்தான்களை அழுத்தி அதை அணைத்தார். இரண்டாவது தராசின் கடைசி இலக்கமும் ஆடத் தொடங்கியது.

நெல்லையப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, பொடியைத் திரும்ப சீசாவில் கொட்டினார். புதுக் காகிதத்தை எடுத்து முதல் தராசில் வைத்தார். ஒவ்வொரு துளிக்கும் எண் ஏறியது. போட்டு முடித்ததும் காகிதத்தோடு எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார், வைத்தார். ஆவுடைநாயகி அவசரப்படுத்தவில்லை.

பூவம்மாள் மருந்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். நெல்லையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "உதடு மரக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்லைய்யா" என்று அவளுக்கே அலுத்துப்போனது. மத்தியானம் அவள் மோர்ச்சோறு கேட்டாள். மென்று சாப்பிட்டாள்.

அவள் போன பிறகு நெல்லையப்பன் உள்ளே வந்தார். குரு, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க இரண்டாவது தராசைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க சின்ன வயசுலயே எடை போட ஆரம்பிச்சவங்க. உங்களுக்கு எப்ப பயம் போச்சு?"

ஆவுடைநாயகி பெட்டியை மூடினார்.

"போகல. அது போயிட்டா, இந்த அறைக்குள்ள என்னை விடாதீங்க."