எல்லை தாண்டாதவன்

ஐந்து நாட்டு அரசர்கள் ஒருநாள் ஒரே பந்தியில் உண்டு, தங்கள் எல்லைகளில் இருந்த சுங்கச்சாவடிகளையெல்லாம் இடித்துப் போட்டார்கள். இனி ஐந்து நாட்டுச் சரக்கும் ஐந்து நாட்டு ஆட்களும் எங்கும் தடையின்றிப் போகலாம், வரலாம் என்று ஓர் உடன்படிக்கை எழுதிக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். ஊரெல்லாம் பாயசம் வைத்தார்கள். நல்ல சட்டந்தான். நல்ல சட்டத்துக்குள் ஒரு பெண் எப்படி அகப்பட்டுச் செத்தாள் என்பதுதான் கதை.

அந்த ஐந்தில் வெண்கரை ஒன்று, கீழாற்று நாடு மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆறுதான் எல்லை. ஆற்றின் குறுக்கே ஒரு கதவணை உண்டு. அதன் மதகுக்காரன் மாசாத்தன், வெண்கரையில் பிறந்தவன். பொழுது விடிந்ததும், மதகுக் கதவை ஏற்றி இறக்கும் இக்கரைத் திருகைச் சுற்றுவான். அணையின்மேல் நடந்துபோய் அக்கரைத் திருகையும் சுற்றித் திரும்புவான். மாலையிலும் அப்படியே. இருபது ஆண்டில் ஒருநாள் தவறியதில்லை. அறுவடைதோறும் இரு கரை உழவர்களும் ஆளுக்கொரு கலம் நெல் அளப்பார்கள்.

அவன் மனைவி பவளாயி உப்பங்கரைக்காரி. உப்பங்கரை அந்த ஐந்தில் சேராத நாடு. அவள் தங்கை செண்பகம் வாக்கப்பட்டதும் அதே தெருவில்தான். செண்பகத்தின் கணவன் குணவன், கீழாற்று நாட்டிலிருந்து வெண்கரைக்கு வந்து செக்கு வைத்துப் பிழைப்பவன். அக்காள் வீட்டுக் குழம்பு தங்கை வீட்டுக்கும், தங்கை வீட்டு எண்ணெய் அக்காள் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தன.

ஓர் ஐப்பசியில் வெண்கரை அரசு புது ஆணை போட்டது: ஐந்தில் சேராத வெளிநாட்டுப் பெண்கள் அடுத்த பௌர்ணமிக்குள் வெளியேற வேண்டும். சகோதரிகள் இருவரும் கணவன்மாரோடு குடிவரவு அதிகாரி எழிலனிடம் போனார்கள். எழிலன் கெட்டவனல்ல. உடன்படிக்கையை எடுத்து, விரல் வைத்து வாசித்தான்: "எவன் தன் நாட்டு எல்லையைத் தாண்டி, மற்றோர் உறுப்பு நாட்டு மண்ணில் உழைத்தானோ, அவன் ஐந்து நாட்டில் எங்கு வாழ்ந்தாலும், தன் சொந்த நாட்டிலேயே வாழ்ந்தாலும், அவன் மனைவி மக்கள் எந்நாட்டாராயினும் அவனோடு வாழலாம்."

குணவன் எல்லை தாண்டி வந்தவன். செண்பகத்துக்கு உடனே முத்திரை விழுந்தது.

எழிலன் மாசாத்தனைப் பார்த்தான். "நீ எப்பவாவது வேற நாட்டுக்குப் போயிருக்கியாப்பா?"

"நான் எங்கய்யா போனேன்? இருபது வருசமா இந்த மதகை விட்டு ஒரு ராத்திரிகூட வெளிய தங்கினதில்ல."

"அப்போ நீ எல்லை தாண்டாதவன். சொந்த ஊரிலேயே இருக்கிறவனுக்கு உடன்படிக்கையில இடமில்ல. ஒண்ணு செய். இவளைக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குக் குடிபோ. ஒரு போகம் ஏதாவது வேலை பார்த்துட்டுத் திரும்பி வா, நானே முத்திரை போடறேன்."

"மழை இறங்கியாச்சே ஐயா. நான் போயிட்டா திருகை யார் சுத்துவா?"

எழிலன் உடன்படிக்கையைச் சுருட்டிக் கட்டினான். சொந்த ஊரில் பிறந்த பாவத்துக்குச் சட்டத்தில் கழுவாய் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாள் மாசாத்தன் இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தான். சாமான்களைக் கட்டுவான்; ஆற்றைப் பார்ப்பான்; மறுபடி அவிழ்ப்பான். இரு கரையிலும் முப்பது ஊர்கள் இருந்தன. மூன்றாம் நாள் காலை பவளாயி மூட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, தன் சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வந்தா ஊர் முழுகிப்போகும். முழுகின ஊருக்குத் திரும்பி வந்து எப்படிங்க சோறு பொங்குறது? தண்ணி வடியட்டும். அப்புறம் அக்கரைக்குப் போய் ஒரு போகம் வேலை பாருங்க. நான் அம்மா ஊர்ல காத்திருக்கேன்."

படகில் ஏறிப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே வெள்ளம் வந்தது. மாசாத்தன் நாற்பது நாள் இரண்டு கரைக்கும் ஓடி ஓடித் திருகுகளைச் சுற்றினான். முப்பது ஊரில் ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை. தண்ணீர் வடிந்த வாரம் உப்பங்கரையிலிருந்து சேதி வந்தது. அங்கே பரவிய விஷக்காய்ச்சலில் பவளாயி போய்விட்டாள். வைத்தியர் இல்லாத ஊர் அது. புதைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

செண்பகம் கதவணைக்கே ஓடிவந்து அழுதாள். "மாமா, அசலூர்க்காரரைக் கட்டினேன், நான் இங்க இருக்கேன். எங்க அக்கா இந்த ஊர்க்காரரைக் கட்டினா, போய்ச் சேர்ந்துட்டா. இது என்ன நியாயம்?"

கதை இவ்வளவுதான். எழிலன் எழுத்து பிசகாமல் சட்டத்தைக் காத்தான். மாசாத்தன் மனைவியை விட்டு மதகைக் காத்தான். பவளாயி ஊருக்காகத் தானே விலகிப் போனாள். இம்மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது தவறு?

விடை: மாசாத்தனும் பவளாயியும் தங்களுக்குத் தெரிந்த அளவில் செய்தது சரியே. தவறு எழிலனுடையது. அவன் சட்டத்தைச் சரியாக வாசித்தான், கேள்வியைத்தான் தப்பாகக் கேட்டான். உடன்படிக்கை கேட்டது "எங்கே உழைத்தாய்" என்று. அவன் கேட்டதோ "எங்கே போயிருக்கிறாய்" என்று. அக்கரைத் திருகு இருந்தது கீழாற்று நாட்டு மண்ணில். மாசாத்தன் இருபது ஆண்டாய் நாளுக்கு இருமுறை எல்லை தாண்டி அங்கே உழைத்தான். அந்நாட்டார் கூலியாக நெல்லும் அளந்தார்கள். இதற்குமேல் ஒரு போகம் எதற்கு? முத்திரை அன்றே விழுந்திருக்க வேண்டும். தினமும் நடக்கிற வழி வேற்று நாடென்று அந்த மதகுக்காரனுக்குத் தோன்றவில்லை. கேட்டறிய வேண்டியவனும் கேட்கவில்லை. மாசாத்தன் இன்றும் காலையும் மாலையும் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறான். விடை கண்டுபிடித்தவர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், தயவுசெய்து அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.