காளியண்ணன் வாங்கிய மோரிஸ் மைனர்

"வாத்தியாரம்மா, மறுபடியும் நின்னு போச்சுங்க."

கொல்லிமலை அடிவாரத்துப் பட்டறை வாசலில் நின்று சொன்னான் காளியண்ணன். அவனுடைய பழைய மோரிஸ் மைனர் காரை அப்போதுதான் ஒரு டிராக்டர் மலைப்பாதையிலிருந்து இழுத்துவந்து விட்டுவிட்டுப் போனது.

பட்டறைக்காரி லூர்தம்மா வேறொரு வண்டியின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க நின்னுச்சு?"

"எப்பவும் போல பாதி மலையில."

"வண்டி என்ன கேக்குது?"

"இரும்புக்கு ஏதுங்க வாயி?"

"உங்களுக்கு இருக்குதில்ல? நீங்க என்னத்தக் கேட்டுட்டீங்க?"

அவளைவிடக் காளியண்ணன் நன்றாகவே மூத்தவன். ஆனாலும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், அதனால் வாத்தியாரம்மா. அடுத்தவர் வண்டியெல்லாம் பார்ப்பாள். இவன் வண்டியில் மட்டும் கை வைக்க மாட்டாள். "உங்க வண்டி, நீங்களே பிரிங்க" என்பாள்.

ஊரில் அவனுக்கு வாயில்லாப் பூச்சி என்று பேர். ஐம்பது வயசு தாண்டியும் அண்ணன் நல்லமுத்துவின் அரிசி மில்லே கதி. அண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். ஒரு காலத்தில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. "இப்ப என்ன அவசரம்" என்றார் அண்ணன். அதோடு போச்சு.

அப்பேர்ப்பட்ட மனுஷன், புளியமரத்தடியில் கோழி அடைகாத்துக் கிடந்த இந்தக் காரைப் பார்த்த அன்றே, யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டான். அண்ணனுக்கு வந்ததே கோபம்!

"கோழிக்கூட்டை வாங்கிட்டு வந்திருக்கான் பாரு, கோமாளி! ஆடிப்பெருக்குக்குள்ள இது மலை ஏறோணும். இல்லாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

நாளைக்கு ஆடிப்பெருக்கு.

"பிளக்கு மாத்தியாச்சு, பாயிண்டு மாத்தியாச்சு, பம்பும் மாத்தியாச்சுங்க. பாதி மலை போகும், மூச்சு வாங்கும், நின்னுரும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி ஸ்டார்ட் ஆகும்." காளியண்ணன் வண்டியைத் தடவிக்கொடுத்தான். "எனக்குன்னு நான் வாங்குனது இது ஒண்ணுதானுங்க. இதையும் விட்டுட்டு நிக்க என்னால ஆகாது."

லூர்தம்மா கையைத் துடைத்தாள். மூடி பிரிக்காத எண்ணெய் டின் ஒன்றையும், ஆணியையும் சுத்தியலையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஒரு ஓட்டை போட்டு, அந்தக் கிண்ணத்துல ஊத்துங்க."

போட்டான். கவிழ்த்தான். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. உலுக்கினான். இன்னும் ஒரு சொட்டு.

"ம், ஊத்துங்க."

அவனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நான் உசுரு போற அவசரத்துல இருக்கேன், நீங்க விளையாடறீங்களா? இன்னொரு ஓட்டை போடாம எப்படிங்க வரும்? காத்து உள்ள போனாத்தானே எண்ணெய் வெளிய வரும்! சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

லூர்தம்மா வண்டியின் பின்பக்கம் பார்த்தாள்.

அவனும் பார்த்தான். டின்னை மெல்லக் கீழே வைத்தான்.

பெட்ரோல் டேங்க் மூடியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை இருந்தது. வண்டி வாங்கிய புதிதில் அதை ஈயம் வைத்து அடைத்தவன் அவனேதான். மில்லில் வளர்ந்த கை. மூட்டையில் ஓட்டையைக் கண்டால் கோணி ஊசியைத் தேடும். அண்ணன் பார்ப்பதற்குள் தைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வசவு.

ஓடிப்போய் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?"

"வந்த அன்னைக்கே பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமில்லீங்க!"

"அடைச்ச கைதான் தொறக்கோணும்."

ஆணியை வைத்து ஒரே அடி. ஈயம் பெயர்ந்து விழுந்தது. மூடியை மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கிளம்பியது.

அப்போது வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. நல்லமுத்து இறங்கினார். கூடவே பழைய இரும்புக்காரன், கையில் கயிறு.

"டேய் காளி, இன்னைக்கும் நின்னுட்டுதாமே? நாளை வரைக்கும் எதுக்கு? இப்பவே ஏத்து."

பழக்கதோஷம், காளியண்ணன் தலையாட்டப் போனான். ஆணி இன்னும் கையில் இருந்தது.

"ஏத்த முடியாதுங்கண்ணா."

நல்லமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடா சொன்னே?"

"இது என் வண்டி. எவனாச்சும் கயிறு கட்டுனா நடக்கறதே வேற."

இரும்புக்காரன் கயிற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"பாதி மலை தாண்டாத வண்டிக்கு இத்தனை ரோஷமாடா?"

"ஏறி உக்காருங்க. நின்னுச்சுன்னா நானே தள்ளி டெம்போல ஏத்தறேன்."

அண்ணன் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே ஏறினார். லூர்தம்மா மறுபடியும் கார்புரேட்டரைக் கழுவ உட்கார்ந்தாள்.

வண்டி மலை ஏறியது. காளியண்ணன் பேச ஆரம்பித்தான். மில்லில் தைத்த மூட்டைகளைப் பற்றிப் பேசினான். வாங்கிய வசவையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னான், அவளைப் பிடித்திருந்தது என்றான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாகப் போயிற்று. பாதி மலை எப்போதோ தாண்டிவிட்டது. அண்ணன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"போதுண்டா. நிறுத்து."

"எதைங்கண்ணா? வண்டியையா, பேச்சையா?"

"ரெண்டையுந்தான்டா!"

காளியண்ணன் கியரை மாற்றினான்.

"ரெண்டும் இனி நிக்காதுங்க."