நட்சத்திரம் விழாத ரத்தம்

உடுமலைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அதை நடத்துபவர் டாக்டர் பர்வீன். அவரிடம் வேலை பழகுபவர் மயிலாத்தாள். குருவைவிட சிஷ்யைக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு லேப் படிப்பு படித்து வந்தவர். குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை டாக்டர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் பக்கத்து நூல் மில்லில் மருத்துவ முகாம். மயிலாத்தாள் அங்கே போய்ப் பெண்களின் ரத்தத்தை ஊதா மூடிக் குழாய்களில் எடுத்து வந்தார். ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்து ரிப்போர்ட் எடுத்தார்.

பர்வீன் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். கொஞ்சம் தாள் புரட்டியதும் பேனாவை மூடிவிட்டார்.

"ஹீமோகுளோபின் ஒம்பதும் பத்துமா இருக்கு. ஒண்ணுலகூட ஸ்டார் விழலையேக்கா?"

பெண்களுக்கு அது பன்னிரண்டுக்குக் கீழே போனால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் தானாகவே ஒரு நட்சத்திரம் போட வேண்டும்.

"கீழ் அளவை ஒம்பதுன்னு மாத்தி வெச்சுட்டேனுங்க."

"யார் சொன்னா?"

"மில் மேனேஜர் போன் பண்ணுனாருங்க. பன்னெண்டுன்னு வெச்சா அத்தனை பேருக்கும் ஸ்டார் விழுது, பாக்க நல்லா இல்லைன்னாரு."

"அவர் சொன்னா மாத்திடுவீங்களா?"

"அவருக்காக இல்லீங்க. அங்க அம்சவேணின்னு ஒரு புள்ள, எங்க தெருதான். ரத்தம் எடுக்கறப்பவே தலை சுத்தி உக்காந்துட்டா. 'ஸ்டார் மட்டும் போட்டுறாதீங்கக்கா'ன்னு கையைப் புடிச்சுட்டா. போன முகாம் வேற லேப்புங்க, அதுல ஸ்டார் விழுந்த ஒருத்திய ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். இவ சம்பளத்துலதான் ஊட்ல உலை வெக்கறாங்க."

பர்வீன் தாள்களைத் திரும்பப் புரட்டினார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க டாக்டர். ஒண்ணு ரெண்டு பேரத் தவிர எல்லாத்துக்கும் ஒம்பதும் பத்தும்தான் இருக்குது. எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே நார்மல்?"

மயிலாத்தாளாவது கேட்டார். படித்த பெரியவர்கள் பலர் கேட்காமலேயே ஒத்துக்கொண்டு போன விஷயம் அது.

"கையை நீட்டுங்க" என்றார் பர்வீன்.

எதற்கென்று தெரியாமல் மயிலாத்தாள் நீட்டினார். பர்வீன் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். ஒன்பது புள்ளி மூன்று என்று வந்தது. நட்சத்திரம் இல்லை.

"பாருங்க, நானும் நார்மல்தானுங்க!" மயிலாத்தாளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"முந்தானையில என்ன முடிஞ்சு வெச்சிருக்கீங்க?"

மயிலாத்தாள் வெட்கப்பட்டார். "பச்சரிசிங்க. சும்மா வாயில போட்டு மென்னுட்டே இருப்பேன். அது இல்லாட்டி எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

"மாடிப்படி ஏறும்போது?"

"பாதியில ஒருக்கா நின்னுக்குவேன். வயசாச்சில்லீங்களா?"

"அம்சவேணி?"

"அவளும் அரிசி மெல்லுவாளுங்க. அவளும் படியில நின்னு நின்னுதான்..." மயிலாத்தாள் நிறுத்தினார். அம்சவேணிக்கு அவர் மகள் வயது.

பர்வீன் அதே ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்தார். காய்ந்ததும் சாயம் ஏற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"சின்னதா ஒரு வெள்ளையணு தேடுங்க. லிம்போசைட்."

"இருக்குதுங்க. ஊதாக் கலர்ல உட்கரு, உருண்டையா."

"நல்ல சிவப்பணு அந்த உட்கரு அளவுக்கு இருக்கணும். நடுவுல கொஞ்சூண்டு மட்டும் வெளுப்பா இருக்கலாம். பக்கத்துல நிக்கறதை அதோட அளந்து பாருங்க."

மயிலாத்தாள் வெகுநேரம் பார்த்தார்.

"அளவுக்கு வரலீங்க டாக்டர். அத்தனையும் பொடிசு. நடு முச்சூடும் வெளுத்துக் கெடக்குது. ஓரம் மட்டும்தான் சிவப்பு, வளையலாட்டம். யாரு பெத்த புள்ளையோ, பாவம், எப்படித்தான் நடமாடறாளோ."

பார்க்கிற மும்முரத்தில் அது யாருடைய ரத்தம் என்பதை மறந்துவிட்டிருந்தார். ஞாபகம் வந்ததும் கண்ணை எடுத்தார்.

"இது என்னுதுங்களே."

"ம். ரத்தம் கம்மியானா அரிசி மெல்லத் தோணும், படியில மூச்சு வாங்கும்."

"சோம்பேறி, சோம்பேறின்னு என்னைய நானே வஞ்சுட்டு இருந்தேனுங்க, இத்தனை வருசமா."

அழுவார் என்று பர்வீன் நினைத்தார். மயிலாத்தாளுக்கு வந்தது கோபம். எழுந்து போய் மெஷினில் கீழ் அளவைத் திரும்பப் பன்னிரண்டு என்று வைத்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

பிறகு இரண்டு பேருமாக மில் பெண்களின் ரத்தத்தை ஒவ்வொன்றாகத் தகட்டில் இழுத்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சரியாக இருந்தது. மிச்சப் பேர் எல்லாரிடமும் அதே வளையல்கள்தான்.

மாலையில் மேனேஜர் தண்டபாணி வந்தார். ரிப்போர்ட் கட்டைப் பிரித்ததும் முகம் மாறியது.

"என்னங்க டாக்டர், ரிப்போர்ட் கேட்டா வானத்தைக் கட்டிக் குடுத்திருக்கீங்க? ஒரே ஸ்டாரா இருக்குது."

"விழ வேண்டிய இடத்துல விழுந்திருக்கு."

"ஸ்டார் விழுந்தவங்கள வேலைக்கு வெக்க முடியாதுங்க. கம்பெனி ரூல்."

"சரி, எல்லாரையும் அனுப்பிடுங்க" என்றார் பர்வீன்.

மயிலாத்தாள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அம்சவேணியின் தாளும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது.

தண்டபாணி தாள்களைப் புரட்டினார். வேகமாகப் புரட்டினார். பிறகு புரட்டுவதை விட்டுவிட்டார்.

"இத்தனை பேரை அனுப்பிப்போட்டு மில்லை நான் ஒருத்தனா ஓட்டறது?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன்." பர்வீன் எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினார். "இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை. மெஸ்ஸுல கீரையும் முட்டையும் போடுங்க. சாப்பிட்ட கையோட டீ ஊத்தறதை நிறுத்துங்க, அது இரும்பைச் சேர விடாது. மூணு மாசம் கழிச்சு நானே வந்து திரும்ப ரத்தம் எடுக்கறேன்."

"ஒம்பதுன்னு வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லீங்களே!"

"அதுல என் கையெழுத்து விழாது."

"ஊர்ல வேற லேப்பே இல்லாத மாதிரி பேசறீங்க."

"நிறைய இருக்கு. போய்ப் பாருங்க. இந்தத் தாள் உங்க கையில வந்தாச்சு. அந்தப் பொண்ணுங்க கையிலயும் ஆளுக்கொண்ணு போகும்."

தண்டபாணி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேஜையில் விட்டுப் போன சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாரையும் அனுப்பலீங்க. மாத்திரை குடுக்கறேன். ஆனா அடுத்த முகாம் உங்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய வண்டிச் சத்தம் ஓயும்வரை மயிலாத்தாள் ஜன்னலில் நின்றார்.

"புள்ள தப்பிச்சுட்டாளுங்க" என்றார். பிறகு திரும்பினார். "இருந்தாலும் டாக்டர், அடுத்த வாட்டி வேற லேப்புக்குப் போயி ஒம்பதுன்னு வெச்சுக்குவாங்களே. அப்ப என்னங்க பண்றது?"

பர்வீன் மைக்ராஸ்கோப்பில் இருந்த தகட்டை எடுத்து மயிலாத்தாள் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கட்டும்க்கா. மெஷின்ல இருக்கற நம்பரை யாரு வேணா மாத்தலாம். சிவப்பணுவுக்குப் பக்கத்துல நிக்கற வெள்ளையணுவை எப்படிச் சுருக்குவாங்க?"