மருதன் முறை

மலைக் கணவாயின் முகப்பில் மூன்று நடுகற்கள் இருந்தன. மூன்றாவது கல்லை ஒட்டி, ஈட்டியோடு ஒருவன் நின்றான். அவன் பெயர் எயினன். போர் முடிந்து ஊர் இரண்டு வருஷ அறுவடையும் கண்டுவிட்டது. அவன் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

அந்தக் கணவாயை நான்கு பேர் காத்தார்கள். மூன்று பேர் கல்லானார்கள். மிஞ்சிய எயினன், படை வந்து சேரும்வரை ஒற்றை ஆளாக எதிரியைத் தடுத்து நிறுத்தினான். கீழே ஊரில் இன்று அடுப்பு எரிகிறதென்றால் அந்த நால்வரால்தான். ஊரும் அதை மறக்கவில்லை. வருஷா வருஷம் திரண்டு வந்து கற்களுக்கு மாலை சூட்டிப் படையல் வைக்கும். எயினனையும் தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போகும்.

அப்பேர்ப்பட்டவன், நின்றபடியே கண் செருகி, திடுக்கிட்டு விழித்து, எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தான். இப்படியே விட்டால் வரும் மழைக்காலத்தைத் தாங்க மாட்டான் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

கணவாய்க்குச் சற்றுத் தள்ளி வெள்ளியம்மை என்ற துறவியின் குடில். அவளுடைய சீடர் நாகன் அவளைவிட வயதில் மிக மூத்தவர். உப்பு வணிகம் செய்து, பேசிப் பேசியே சரக்கை விற்றுத் தீர்த்தவர். சரக்கு தீர்ந்ததும் துறவுக்கு வந்தார். பேச்சு மட்டும் தீரவில்லை.

எயினனைத் தூங்க வைக்கும் பொறுப்பை அவரே தலையில் போட்டுக்கொண்டார். போர் முடிந்துவிட்டது என்று இதமாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஈட்டியைப் பிடுங்கப் பார்த்தார். அதன் முனை அவர் தொண்டைக்குழியில் வந்து நின்றது.

குடிலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கினார்.

"தாயே, என்னைக் கொன்னிருப்பான்! போர் முடிஞ்சுதுன்னு ஒருத்தனுக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

"முடிஞ்சுதான்னு அவன் உங்களைக் கேட்டானா?"

"இல்லை."

"எதுக்கு நிக்கிறேன்னு நீங்க அவனைக் கேட்டீங்களா?"

இத்தனை நாளும் நாகன் அதைக் கேட்கவேயில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டி நின்றே கேட்டார்.

"எதுக்குப்பா நிக்கிறே?"

"மருதன் இன்னும் வரலை ஐயா."

"மருதனா? இதோ இருக்கே அவன் கல்லு! நீதானே உன் கையால நட்டே?"

"தெரியும். ஆனா எனக்கு அடுத்த முறை அவனோடது. காவக்காரன் இடத்தை விடணும்னா, அடுத்தவன் வந்து 'கண்டதைச் சொல்'னு கேக்கணும். கண்டதையெல்லாம் சொல்லி, ஈட்டியைக் கைமாத்தணும். அதுக்கு முன்னால நகரக் கூடாது. என்னை யாரும் கேக்கலையே."

நாகன் திரும்பி வந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் குருவிடம் சொன்னார். வெள்ளியம்மை திரித்துக்கொண்டிருந்த திரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

வெயில் ஏறியிருந்தது. அவள் எயினன் எதிரே போய் நிமிர்ந்து நின்றாள்.

"இது மருதன் முறை. அவனுக்காக நான் வந்திருக்கேன். கண்டதைச் சொல்."

எயினன் வெறித்துப் பார்த்தான். நாகன் தன்னையறியாமல் பின்வாங்கினார்.

"ஒரே பனிமூட்டம்," என்றான் எயினன். "எதிரிங்க ஆட்டுத் தடத்துல ஏறி வந்தாங்க. மூத்தவங்க ரெண்டு பேரும் தடத்தை மறிச்சு, அங்கேயே விழுந்தாங்க."

"அப்புறம்?"

"மருதன் காவல் குடிசையில படுத்திருந்தான். அவன் முறை வந்து நேரமாச்சு. காய்ச்சல் அவனுக்கு. இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமேன்னு..."

அவள் ஓரடி கிட்டே வந்தாள்.

"நான் எழுப்பலை தாயே. சத்தம் கேட்டு, கேடயம்கூட எடுக்காம ஓடி வந்தான். என்மேல வந்த குத்தை அவன் வாங்கிக்கிட்டான். எழுப்பியிருந்தா கேடயத்தோட வந்திருப்பான்."

எயினன் அழுதான். கணவாயையே அடைத்து நின்ற அந்த உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. நாகனுக்கும் கண் நிறைந்தது. இப்படி ஒரு நண்பனும், அவனுக்கு இப்படி ஒரு நண்பனும் இருந்திருக்கிறார்களே என்று நெஞ்சு விம்மியது. ஆறுதல் சொல்ல வார்த்தைக்கா அவரிடம் பஞ்சம்? ஆனால் அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

வெள்ளியம்மை கையை நீட்டினாள்.

"அவன் தூங்கட்டும்னு நீ நின்னே. நீ தூங்க அவன் நிக்க மாட்டானா? ஈட்டியைக் குடு."

நெடுநேரம் கழித்து எயினனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஈட்டி கை மாறியது. அவன் மருதன் கல்லின் நிழலிலேயே சரிந்து படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

துறவி ஈட்டியை ஊன்றி, கணவாயைப் பார்த்து நின்றாள். வெயில் சுட்டது. நாகன் பொறுத்துப் பார்த்தார். அவருக்கா பொறுக்கும்? அருகே போய் மெல்லக் கேட்டார்.

"அதான் தூங்கிட்டானே தாயே, வந்து உக்காருங்க. போரே இல்லாத இடத்துல யாரைக் காவல் காக்கிறீங்க?"

"இவனைத்தான்," என்றாள் அவள், திரும்பாமலே. "பொழுது சாய்ஞ்சா உங்க முறை. போய்க் கொஞ்சம் கண்ணசந்துட்டு வாங்க."