முயல்மேட்டில் நட்ட கல்

மன்னர்கள் அமைச்சர் சொன்னதையெல்லாம் நம்பினார்கள், அமைச்சர்கள் யார் சொன்னதையும் நம்பவில்லை; அப்படி ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் நன்முடிவேள் என்றொரு மன்னன் நாடாண்டான். ஆனால் கேளுங்கள், இது அவன் கதை அல்ல. அவன் நாட்டில் தலையில் உப்பு சுமந்த வேம்பி என்பவளின் கதை. மன்னர் கதைகளைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசிலும் உண்டு.

கிழக்கே கடல். மேற்கே மலை. நடுவே ஆறு. கடற்கரை உப்பு மலைக்குப் போக வேண்டும். மலையின் மிளகும் தினையும் கடற்கரைக்கு வர வேண்டும். வண்டிகள் ஆற்றைக் கடக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே ஆற்றின் அடியில் ஏழு பலகைக்கற்கள் வரிசையாகக் கிடந்தன. மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்குக் கல்துறை என்று பெயர்.

முழங்கால் தண்ணீரில் மனிதனுக்குக் கால் நனையும். உப்புக்கு உயிரே போய்விடும். ஆகவே இந்தக் கரையில் மூட்டைகளை இறக்குவார்கள். வெறும் வண்டி ஆற்றில் இறங்கும். மூட்டைகள் சுமைக்காரர் தலையில் போகும். அந்தக் கரையில் மறுபடி ஏற்றுவார்கள். இதற்கு அரைநாள் ஆகும்.

அரைநாள் நிற்கிற மாட்டுக்குப் புல் வேண்டும். அரைநாள் நிற்கிற மனிதனுக்குக் கூழ் வேண்டும். அரைநாளில் கழன்ற சக்கரத்தைப் பூட்டக் கொல்லன் வேண்டும். புல் விற்றவள் குடிசை போட்டாள். கூழ் விற்றவள் அடுப்பு மூட்டினாள். கொல்லன் உலை வைத்தான். யாரும் நாள் பார்க்கவில்லை, கோள் பார்க்கவில்லை. கல்துறையில் ஓர் ஊர் முளைத்தது.

அந்த ஊரின் சுமைக்காரர்களுக்கு வேம்பி தலைவி. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மூட்டை ஏறுவதற்கு முன், தலைவி வெறுந்தலையோடு ஆற்றில் இறங்க வேண்டும். இரும்புப் பூண் போட்ட கோலை ஒவ்வொரு கல்லிலும் ஊன்றி, தண்ணீரின் அளவைக் கூவ வேண்டும். "முழங்கால்" என்று அவள் கூவினால், கரையில் நிற்பவர்கள் "முழங்கால்" என்று திருப்பிச் சொல்வார்கள். அதன் பிறகே சுமை ஏறும். தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் கோல் ஊன்றி ஊன்றி, எல்லாக் கல்லிலும் குழி விழுந்துவிட்டது; நடுக்கல்லின் குழிதான் எல்லாவற்றிலும் ஆழம்.

வேம்பி எதையும் நம்பமாட்டாள். நேற்று முழங்கால் என்றால் இன்றும் முழங்கால் என்று நம்பமாட்டாள். உப்பு வண்டிக்காரர் கோடன் அவளைக் கேலி செய்வார்: "இவள் சோறு உண்பதில்லை. சோற்றில் கல்தான் தேடுகிறாள்."

"அகப்படுகிறதே, அண்ணே" என்பாள் வேம்பி.

ஒருநாள் பறை அறைந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், அரைக் காதம் தள்ளி இருந்த மொட்டைமேட்டில் ஒரு முயல் வேட்டைநாயை எதிர்த்துத் துரத்தியதாம். ஆகவே அது வீரம் விளையும் மண்ணாம். அங்கே புதுத் தலைநகர் எழும்புமாம். சந்தை இனி அங்கேதானாம். கல்துறைக்காரர்கள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு முயல்மேட்டுக்குக் குடிபோக வேண்டுமாம்.

ஆறில்லாத இடத்தில் சுமைக்காரனுக்கு என்ன வேலை? நூறு குடும்பங்கள் அழுதன. வேம்பி அழவில்லை; கோலை எடுத்துக்கொண்டு அரசவைக்கு நடந்தாள்.

அவையில் அமைச்சர் மாநாகர் முயலின் வீரத்தை மீண்டும் ஒருமுறை விரித்துரைத்தார். வேம்பி அவரிடம் கேட்டாள்: "நாய் யாருடையது, ஐயா?"

"என் மைத்துனருடையது."

"அது அங்கே ஏன் போயிற்று?"

"அவருடைய நிலத்தில் அவருடைய நாய் போகாதா?"

அவையில் நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். மன்னன் கவனிக்கவில்லை. மேட்டில் மாளிகை கட்டினால் நன்றாகக் காற்று வரும் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"வீரம் விளையட்டும், மன்னா" என்றாள் வேம்பி. "மாடு எதைக் குடிக்கும்?"

மன்னன் சிரித்துவிட்டான். சிரித்த வாயால் ஒரு தவணையும் கொடுத்தான். மூன்று மாதம் மேட்டில் சந்தை கூட்டுவது. மூன்றாம் பௌர்ணமிக்குள் அது நிலைத்தால் கல்துறை கலைய வேண்டும். நிலைக்காவிட்டால் கல்துறைக்காரர்களை யாரும் தொடக்கூடாது.

முதல் மாதம் ஆணையால் அழைத்தார்கள். வண்டிகள் மேடேறின. நாற்பது முழம் தோண்டிய கிணற்றில் புழுதிதான் வந்தது. மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டன. மறுநாளே வண்டிகள் கல்துறைக்குத் திரும்பின.

இரண்டாம் மாதம் ஆசையால் அழைத்தார்கள். வணிகர்களுக்கு மனை இலவசம், சுங்கம் இல்லை என்றார்கள். வணிகர்கள் மனையை வாங்கினார்கள், கொட்டகை போட்டார்கள், அதைப் பூட்டிவிட்டுக் கல்துறைக்கு வந்து வியாபாரம் பார்த்தார்கள்.

மூன்றாம் மாதம் யாரையும் அழைக்கவில்லை. அதுதான் வேம்பிக்கு உறுத்தியது. கேட்டுக் கிடைக்காதவன் சும்மா இருந்தால் எடுக்கப் போகிறான் என்று பொருள்.

அவள் நினைத்தது சரியாயிற்று. ஒரு காலை அவள் ஆற்றில் இறங்கிக் கோலை ஊன்றினாள். முதல் கல், முழங்கால். இரண்டாம் கல், முழங்கால். மூன்றாம் கல், முழங்கால். நாலாவது நடுக்கல். கோல் கீழே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. கல் மூடியிருந்த பள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர். நடுக்கல்லைக் காணோம்.

வெள்ளம் கொண்டுபோயிற்று என்று அமைச்சர் சொன்னார். மன்னன் நம்பினான். பங்குனி வெயிலில் எந்த வெள்ளம் என்று வேம்பி கேட்டாள். கேட்க ஆளில்லை. ஆற்றோடு கீழே மூன்று நாள் தேடினாள், கல் கிடைக்கவில்லை. கடக்க வழியில்லாத வண்டிகள் வேறு போக்கில்லாமல், சரக்கை அங்கேயே விற்க மேடேறின. தண்ணீரைப் பானையில் சுமந்துகொண்டு ஏறின. பாருங்கள் மன்னா, நகரம் வளர்கிறது என்றார் அமைச்சர்.

மூன்றாம் பௌர்ணமி வந்தது. மேட்டில் முயல் வீரத்துக்கு நடுகல் நட்டு விழா எடுத்தார்கள். கல்லை நீராட்ட மேட்டில் நீரில்லை. ஆகவே சுமைக்காரர்களுக்கே கட்டளை வந்தது: ஆற்றிலிருந்து ஆளுக்கொரு குடம் சுமந்து வாருங்கள்.

சுமந்து போனார்கள். வேம்பி கையில் கோலும் இருந்தது.

நிறுத்தியிருந்த கல்லில், செதுக்கிய உருவங்கள் போக மற்ற இடமெல்லாம் சந்தனம் அப்பியிருந்தது. மேலே ஓடும் நாய். கீழே துரத்தும் முயல். ஒரு நடுகல்லுக்கு இவ்வளவு சந்தனம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே வேம்பி தன் குடத்தைக் கவிழ்த்தாள். சந்தனம் வழிந்தது. முயலின் காலடியில் உருண்டையாக ஒரு குழி தெரிந்தது.

"அது முயலின் வளை" என்றார் அமைச்சர், யாரும் கேட்காமலே.

வேம்பி கோலை எடுத்து அந்தக் குழிக்குள் வைத்தாள். உறைக்குள் வாள் போவதுபோல் பூண்வரை போயிற்று. பிறகு, தினமும் காலையில் கூவுகிற குரலில் கூவினாள்: "முழங்கால்!"

பின்னால் நின்ற நூறு சுமைக்காரர்களும் பழக்கத்தில் திருப்பிச் சொன்னார்கள்: "முழங்கால்!" கோடனும் சொன்னார். வண்டிக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொன்ன பிறகுதான், தாங்கள் எந்தக் கல்லைப் பார்த்துச் சொன்னோம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

"வெள்ளம் கொண்டுபோன கல் இது, மன்னா" என்றாள் வேம்பி. "வெள்ளம் மேடேறுமா?"

மன்னன் முதன்முறையாக அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் பார்க்க யாருமில்லாமல் நாயைப் பார்த்தார்.

தீர்ப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அமைச்சர் வேறு நாட்டுக்குத் தூதராகப் போனார். அந்த வகை ஆட்கள் எங்கே போனாலும் நிழலில்தான் உட்காருவார்கள். கல்லை ஆற்றில் திருப்பிப் போட மன்னன் சுமைக்காரர்களைத்தான் ஏவினான். வேம்பி அசையவில்லை. கொண்டுவந்தவர்களே கொண்டுபோகட்டும் என்றாள். மைத்துனரின் ஆட்கள் பதினாறு பேர் முக்கி முனகிச் சுமந்தார்கள். முயல் முகம் குப்புறக் கிடக்க, கல் பழைய இடத்தில் அமர்ந்தது. வண்டிகள் திரும்பின. ஊர் பெருத்து நகரமாயிற்று. கடைசியில் மன்னனே அங்கே மாளிகை கட்டிக்கொண்டான்.

நூறாண்டு போனபின் அரண்மனைப் புலவர்கள் அந்த நகரம் பிறந்த வரலாற்றை எழுதினார்கள். கல்துறையில் ஒரு முயல் நாயைத் துரத்தியதாம். உப்பைப் பற்றியும் சுமைக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. சுமைக்காரர்கள் அதைக் கேட்டார்கள், சிரித்தார்கள், மறுநாள் காலை கோலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். கவிழ்த்துப் போட்ட கல்லின் முதுகில் அதற்குள் இன்னொரு குழி விழுந்திருந்தது.

இதனால் அறிவது: ஆறும் வழியும் உழைப்பும்தான் ஊரை உண்டாக்கும், ஆகவே ஓர் ஊர் பிறந்த அதிசயத்தை ஒருவன் சொல்ல வந்தால், அந்த நிலம் யாருடையது என்று முதலில் கேள்.