வந்து சொன்னவர்கள்

கரட்டு மடத்துச் சாமிக்கு வயது நாற்பது. அவருக்கு வாய்த்த ஒரே சீடர் சடையப்பருக்கு அறுபத்திரண்டு. மழை வருமா என்று கேட்டால்கூட, "எங்க மச்சான் ஒருத்தருங்க சாமி..." என்றுதான் சீடர் ஆரம்பிப்பார். சாமிக்கு அப்போதே தலை வலிக்கும்.

அன்று காலை, கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்த ராமாத்தாளை அவள் புருஷன் நாச்சிமுத்து மடத்துக்குத் தூக்கி வந்தான். சடையப்பரின் பச்சிலைக்கு அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பேர்.

வாசலில் பால் வண்டி நின்றது.

"வண்டியில ஏத்து. ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார் சாமி.

"பத்தே நிமிசமுங்க சாமி. அரைச்சுக் கட்டி அனுப்பறேன். இதுல ஏழு பேரு பொழச்சிருக்காங்க."

"கடிச்சது என்ன பாம்புன்னு அதுல எவனாச்சும் பார்த்தானா?"

"பாம்பு எதானா என்னங்க? ஆளு பொழச்சாச்சில்ல?"

"பொழச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களே தேங்கா பழத்தோட வந்து சொன்னாங்களே!"

"பொழைக்காதவங்க?"

"அவங்க எப்படிங்க வருவாங்க?"

சாமி தலையில் அடித்துக்கொண்டார். நாச்சிமுத்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ராமாத்தாளுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. சடையப்பரோ பச்சிலையை உருவிக்கொண்டிருந்தார்.

துறவு பூண்ட நாளிலிருந்து எந்தப் பெண்ணையும் தொட்டறியாத சாமி, அவளைத் தானே தூக்கிப் போய் வண்டியில் கிடத்தினார். நாச்சிமுத்துவையும் பிடித்துத் தள்ளி ஏற்றினார்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எத்தனை ஊசி போட்டார்கள் என்று நாச்சிமுத்துவுக்கே ஞாபகமில்லை. ஏழாம் நாள், இருவரும் மடத்துக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சடையப்பருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தீங்களா சாமி! பச்சிலை வாசம் பட்டதுக்கே பொழச்சுட்டா. எட்டுப் பேராச்சு. அடுத்த தடவை வண்டியெல்லாம் எதுக்குங்க?"

சாமிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்திக் கத்தி அலுத்துப்போனதால் மெதுவாகவே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க வீட்டுக்காரம்மா பாம்பு கடிச்சுத்தான போனாங்க?"

"ஆமாங்க சாமி. அவ விதி அப்படி."

"பச்சிலை கட்டுனீங்களா?"

"கட்டாம இருப்பனுங்களா? என் கையாலயே கட்டுனேன்."

"அவங்களை எத்தனாவது ஆளா எண்ணுனீங்க?"